கராஜின் வலது மூலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று விலை மதிப்பீடுகளையும் அச்செடுத்து, நேற்று இரவு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வீட்டில் டொர்னேடோ ஷெல்டர், அதாவது சுழல்காற்று வரும்போது ஒதுங்கும் பாதுகாப்பு அறை, போடலாமா, வேண்டாமா என்று அப்பாதான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்வதைவிட எழுதி அனுப்பினால் மாப்பிள்ளையும் நிதானமாகப் படிப்பார் என்பதால் இந்தக் கடிதம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடுங்கள், டொர்னேடோ பருவம் தொடங்கும் அடுத்த ஏப்ரல் பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள். எந்த வகை, எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

கடந்த மே மாதம் நாங்கள் அங்கே இருந்தபோது வந்த அந்த இரவை நான் மறக்கவில்லை. எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலற, வெளியே சைரன் ஒலிக்க, நடுக் குளியலறையில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தோம். பேரனைக் குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்து, அவனுடைய சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, மேலே மெத்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்திருந்தேன். காற்று தள்ளும்போதெல்லாம் அது அசைவது முதுகில் தெரிந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டுமானப் பொறியாளராக வேலை பார்த்தவனுக்கு, மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். அன்று டொர்னேடோ உங்கள் ஊரான மூர் பக்கம் வரவில்லை. அது வேறு பக்கம் போனதற்கும் நம் சுவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட வீட்டை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பெரிய டொர்னேடோ தாக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று மாப்பிள்ளை சொல்வது சரிதான். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் வீடு வாங்கியிருக்கும் ஊர் ஓக்லஹோமா மாநிலத்தின் மூர். 1999 மே 3 அன்று இந்த ஊரின் வழியாகப் போன டொர்னேடோவில், தரையிலிருந்து சற்று உயரத்தில், மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தை நடமாடும் ரேடார் பதிவு செய்தது. அதில் 36 பேர் இறந்தார்கள். 2003இலும் 2010இலும் மறுபடி அடித்தது. 2013 மே 20 அன்று வந்தது 24 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். அதன் பிறகு, 2014இல், புதிய வீடுகள் மணிக்கு 135 மைல், அதாவது ஏறக்குறைய 217 கிலோமீட்டர், காற்றைத் தாங்க வேண்டும் என்று மூர் நகரம் விதியைக் கடுமையாக்கியது. நல்ல விதிதான், ஆனால் உங்கள் வீடு 2006இல் கட்டியது, அந்த விதி அதற்குப் பொருந்தாது. அந்த விதிப்படி கட்டிய வீடும்கூட 2013இல் வந்ததைப் போன்ற ஒன்றின் நேர்வழியில் நின்றால் தாங்காது. அதற்குக் கொடுத்த தரம் இ.எஃப். 5, டொர்னேடோவின் வலிமையை அளக்கும் வரிசையில் உச்சத் தரம்; அது மணிக்கு 200 மைலுக்கு மேலே தொடங்குகிறது.

நம் ஊரில் புயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தவறான தைரியம் வந்துவிடுகிறது. 2018இல் கஜா வந்தபோது நமக்கு நாள்கணக்கில் அவகாசம் இருந்தது. உன் அத்தையைத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டு, ஓட்டுக்கு மேல் மணல் மூட்டை அடுக்கவும் முடிந்தது. 2013 மே 20 அன்று பிற்பகல் 2.40க்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், 2.56க்கு டொர்னேடோ தரையைத் தொட்டுவிட்டது. பதினாறு நிமிடம், அதுவும் ஆபத்தை நன்றாகக் கணித்த ஒரு நாளில். ஆகவே ஷெல்டர் எவ்வளவு உறுதியானது என்று கேட்பதற்கு முன்னால், உன் அம்மாவும் பேரனும் எத்தனை நிமிடத்தில் அதற்குள் போய்க் கதவைத் தாழிட முடியும் என்று கேட்க வேண்டும்.

காரில் ஏறி வேறு பக்கம் போய்விடலாம் என்று அன்று மாப்பிள்ளை ஒரு கணம் சாவியை எடுத்தார். தயவுசெய்து அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிடச் சொல். மூரில் அடித்து பதினோரு நாள் கழித்து, அதே மாநிலத்தின் எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் ஒன்று வந்தது. பயந்துபோன மக்கள் கூட்டமாகக் காரில் கிளம்ப, நெடுஞ்சாலைகள் அடைத்து நின்றுவிட்டன. உயிரிழந்தவர்கள் வாகனங்களில் சிக்கியவர்கள். 1999இல் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கியவர்களிலும் மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் அடியில் காற்று இன்னும் வேகமெடுக்கும், பறந்து வருவதும் அங்கேதான் வந்து அடிக்கும்.

இப்போது வகை. மூன்று மதிப்பீடுகளில் இரண்டு தரைக்குள் இறக்கும் பெட்டிக்கானவை, ஒன்று கராஜுக்குள் தரைமேல் நிற்கும் எஃகு அறைக்கானது. தரைக்குள் இருப்பதே பத்திரம் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் புதைத்திருக்கும் ஷெல்டரை ஒரு நாள் திறந்து காட்டினாரே, நினைவிருக்கிறதா? மூடியைத் தூக்கியதும் ஈர மண் வாடை. அடியில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்புக் களிமண்ணில் மழைநீர் எளிதில் இறங்காது. சரியாகப் பிணைக்காத பெட்டியை நீரின் மேல்நோக்கிய அழுத்தம் தரையிலிருந்து தூக்கிவிடவும் கூடும். எல் ரீனோ நாளன்று இரவு ஓக்லஹோமா சிட்டியில் பெருவெள்ளமும் வந்தது, அதிலும் பலர் இறந்தார்கள் என்பதை எண்ணிப் பார். கராஜ் தளத்தை வெட்டி இறக்கும் பெட்டியில் தண்ணீர்த் தொல்லை குறைவுதான். ஆனால் செங்குத்தான ஏணிப்படி. உன் அம்மாவின் முழங்கால் அதில் இறங்காது. அவள் மேலே நின்று "நீங்கள் போங்கள்" என்பாள், நீ இறங்க மாட்டாய்.

அதனால் என் தேர்வு தரைமேல் நிற்கும் அறைதான். முறைப்படி கட்டிய இத்தகைய அறைகள், சுற்றியிருந்த வீடு முழுவதும் போன பிறகும், 2013இல் மூரில் அப்படியே நின்றன. 1970இல் டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரை ஒரு டொர்னேடோ அழித்த பிறகு, அங்குள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்து வந்தவை இவை. புயல் ஷெல்டர்களுக்கான ஐ.சி.சி. 500 என்ற அமெரிக்கத் தரவிதியின்படி, உங்கள் பகுதிக்கான அறை மணிக்கு 250 மைல் காற்றுக்கு வடிவமைக்கப்பட வேண்டும். 6.8 கிலோ எடையுள்ள இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவர் மீதும் கதவு மீதும் எறிந்து சோதிப்பார்கள். அது உள்ளே துளைத்து வரக்கூடாது. இந்தக் கதவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2014இல் ஆர்கன்சாஸில் இத்தகைய ஓர் அறையின் கதவு தாங்காமல் போய், உள்ளே இருந்தவர் இறந்தார். எனவே சுவருக்கு மட்டும் காட்டும் சோதனை அறிக்கையை ஏற்காதே. கதவு, சட்டம், கீல், மூன்று தாழ்ப்பாள்கள் எல்லாம் ஒன்றாகப் பொருத்திச் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்கு.

விலை குறைவான அந்த மதிப்பீட்டில் "ஃபீமா அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா எந்த நிறுவனத்துக்கும் எந்தப் பொருளுக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. வழிகாட்டு நூல்களை மட்டுமே வெளியிடுகிறது. முதல் பக்கத்திலேயே இல்லாததைச் சொல்பவரிடம் பேரனுடைய உயிரை ஒப்படைக்க என் மனம் ஒப்பவில்லை. அதை ஒதுக்கிவிடு.

கராஜ் தளத்தையும் பார்க்க வேண்டும். அறை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டால் அது வெறும் இரும்புப் பெட்டி. தளத்தின் கனம் எவ்வளவு, கம்பி போட்டிருக்கிறார்களா, முக்கியமாக உள்ளே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றனவா என்பதைத் துளை போடும் முன் பார்க்கச் சொல். இறுக்கத்தில் இருக்கும் வடம் ஒன்று அறுந்தால் தளமும் கெடும், துளை போடுபவருக்கும் ஆபத்து.

இடம் போதுமா என்று கேட்டிருந்தாய். வீட்டு ஷெல்டரில் ஆளுக்கு மூன்று சதுர அடி என்பது குறைந்தபட்ச அளவு. ஐந்து பேருக்குப் பதினைந்து சதுர அடி போதும் என்று விற்பவர் சொல்லலாம். நாற்காலியும் பேரனும் சேரும்போது அது போதாது. நான்குக்கு ஆறு அடி எடுங்கள். மாநில அரசு குலுக்கல் முறையில் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இப்போது நடப்பில் இருந்தால் பெயரைப் பதிந்துவை, ஆனால் அதற்காக ஒரு பருவத்தைக் காத்திருந்து கழிக்காதே. நான்கு ஆண்டில் வீட்டை விற்றுவிடுவோம் என்றால், அந்த நான்கு ஆண்டும் நீங்கள்தானே அங்கே தூங்கப் போகிறீர்கள்? குறையும் பணத்தை நான் அனுப்புகிறேன். மாப்பிள்ளை இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருத்தியதும் நகராட்சியில் ஷெல்டர் இருக்கும் இடத்தைப் பதிவு செய்துவிடு. இடிபாடு மேலே விழுந்து கதவு திறக்காமல் போனால், தேடி வருபவர்களுக்கு எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டும். கராஜின் வலது மூலையில், சமையலறைக் கதவுக்கு அருகில் வைத்தால் பன்னிரண்டு எட்டில் போய்விடலாம். நான் அங்கிருந்தபோது அடி வைத்து எண்ணினேன். அங்கிருக்கும் பழைய அலமாரியை இந்த வாரமே அப்புறப்படுத்தி, வெறும் தரையை ஒரு படம் எடுத்து அனுப்பு; விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போடும் பெஞ்சு தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் இருக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அதற்குக் கீழே போனால் அவளால் எழுந்திருக்க முடியாது.

அன்புடன்,
அப்பா