வேலிக்கு வெளியே நின்று கத்தியவன்

தம்பிக்கு,

நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் பாப்பா குறி தப்பித் தப்பி எறிந்து, வரிசையாக ஆறு பேரை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, அதாவது வாக் கொடுத்துவிட்டு, அழுதாள் என்று போனில் சொன்னாய். அப்புறம் அவளுக்கு நீ சொன்ன யோசனைகளை எல்லாம் எனக்கும் ஒப்பித்தாய். காலை இன்னும் தூக்கு, தோளைச் சீக்கிரம் திறக்காதே, பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பார், மூச்சை விடு. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அத்தனையும் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாத நான் வேலிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்துக் கத்தியவைதானே.

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி ஞாபகம் இருக்கிறதா? இங்கே ராக் கேட்ஸ் அணி இருந்த நாளில் அதன் ஆட்டத்துக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது அவர் பேச்சை எடுப்பார். நம் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன்காரர், இடது கையால் பந்தெறிபவர். 1957-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி எடுத்தபோது அவருக்கு 18 வயது. முதல் வருஷம் டென்னசியில், கிங்ஸ்போர்ட்டில், 62 இன்னிங்ஸில் 121 ஸ்ட்ரைக்அவுட் (அடிக்கவிடாமல் ஆளை வெளியேற்றுவது), 129 வாக். 1960-ல் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸுக்கு 262 ஸ்ட்ரைக்அவுட், வாக்கும் அதே 262. கதை கட்டுகிறவன்கூட இப்படி எண் போடக் கூச்சப்படுவான்.

ரேடார் துப்பாக்கி இல்லாத காலம். 1958-ல் அபர்தீன் ராணுவச் சோதனைத் திடலுக்குக் கூட்டிப்போய் அளந்தார்கள், மணிக்கு 93.5 மைல் வந்தது. முந்தின நாள்தான் ஆடியிருந்தார், ஏறி நின்று எறிய மேடும் கிடையாது, பந்தைக் கருவி வழியாகப் போகவைக்கவே படாத பாடு. எதிரே நின்று ஆடியவர்கள் அந்த எண்ணை ஒப்புக்கொள்ளவே இல்லை.

பயிற்சியாளர்கள் சும்மா இருந்தார்களா? பலகையைக் குறிபார்த்து எறி என்றார்கள், பேட்டர் நிற்கும் பிளேட்டின் இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி நடுவில் எறி என்றார்கள், கை சோரும்வரை எறியவிட்டும் பார்த்தார்கள். 1962-ல் எல்மிராவில் ஏர்ல் வீவர் என்ற மேனேஜர் வாய்த்தார். இவருக்கு ஒரே நேரத்தில் பத்து விஷயம் சொன்னால் ஏறாது என்று புரிந்துகொண்டு, சொல்வதையே குறைத்துவிட்டார். ஃபாஸ்ட்பால் என்ற வேகப்பந்து, பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர், நடுவில் எறி, அவ்வளவுதான். அந்த வருஷம் 160 இன்னிங்ஸில் வாக் 114, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காத ஷட்அவுட் ஆறு. முன்பெல்லாம் அவருக்கு வாக் எண்ணிக்கை இன்னிங்ஸைத் தாண்டித்தான் இருக்கும்.

அடுத்த மார்ச்சில், உச்சமட்டமான மேஜர் லீக் அணியில் இடம் ஏறக்குறைய உறுதி என்றிருந்த நேரத்தில், யாங்கீஸ் அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கை போயிற்று. அதற்குப் பிறகும் கீழ்மட்டமான மைனர் லீக்கில் ஊர் ஊராக எறிந்து பார்த்தார், அந்த வேகம் திரும்பவில்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமலே முடிந்துவிட்டது. பிறகு கலிஃபோர்னியாவில் வயல் வேலை, குடி. 1994-ல் நியூ பிரிட்டனுக்கே திரும்பி வந்தார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் போகும்வரை இங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான் இருந்தார். காரில் பத்து நிமிஷம். ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை.

பதினான்கு வயதில் கை வலிக்கிறது என்று நீ சொன்னாய். இன்னும் ஒரு இன்னிங்ஸ்தானே என்றேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு வந்தபோது மேல் அலமாரியில் இருந்து டப்பாவை எடுக்க வலது கையைத் தூக்கினாய், பாதியில் நிறுத்தி இடது கைக்கு மாற்றினாய்.

சனிக்கிழமை பாப்பாவின் ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பு. அதில் உன் குரல் கேட்கக் கூடாது.

அப்பா