பாடற்காட்சிகளில் பெண்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கே கூடியுள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலூரில் இயங்கும் நம் திரைப்பட வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பாடற்காட்சிகளில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்ற ஒரே பொருளை ஆண்டு முழுவதும் பேசுவது என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. அந்தப் பொருளை நமக்குத் தந்தவர், ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தைக்கும் பிரிவில் வேலை செய்யும் நம் உறுப்பினர். விடியுமுன் கம்பெனி வேனில் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்பும் அவர், "டிரைவர் தலைக்கு மேலே வீடியோ பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வேன் முழுக்க நாங்க பொம்பளைங்கதான். ஆனா ஒரு பாட்டுகூட எங்களுக்காக எடுத்த மாதிரி இருக்காது" என்றார். பாட்டில் ஆடும் பெண்ணின் உடை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

முதல் மூன்று கூட்டங்களில் பிரிட்டிஷ் திரைக்கோட்பாட்டாளர் லாரா மல்வி எழுதி, 1975இல் இங்கிலாந்தின் 'ஸ்கிரீன்' இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தோம். சினிமாவில் மூன்று பார்வைகள் உண்டு என்கிறார் அவர்: படமெடுக்கும் கேமராவின் பார்வை, அரங்கில் அமர்ந்திருப்பவரின் பார்வை, கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. கதைப்படம் முதல் இரண்டையும் மறைத்து மூன்றாவதை மட்டும் காட்டுவதால், கதாநாயகன் பார்க்கிறான் என்ற பெயரில் நாம் பார்க்கிறோம். அவன் கதையை நகர்த்துகிறான், அவள் தோன்றும்போது கதை நின்றுவிடுகிறது. ஃபிராய்டு, லக்கான் ஆகியோரின் உளப்பகுப்பாய்வை ஒட்டி வரும் பகுதிகளைச் சுருக்கமாகவே பார்த்தோம். ஆனால் ஆங்கிலத்தில் 'male gaze' எனப்படும் இந்தக் கருத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு கூட்டம் முழுவதும் ஆயிற்று. 'ஆண்பார்வை' என்ற சொல்லே வழக்கில் இருக்கிறது. பார்வை கண்ணின் தொழில், நோக்கு என்றால் அதற்குள் நோக்கமும் இருக்கிறது என்று நம் மூத்த உறுப்பினரான ஓய்வு பெற்ற தமிழாசிரியை எடுத்துச் சொன்ன பிறகு, நம் குறிப்பேட்டில் 'ஆண்நோக்கு' என்றே எழுதி வருகிறோம்.

ஆண்டின் பயனுள்ள கூட்டம் எதுவென்றால், பாட்டு ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்த கூட்டம்தான். இடுப்பில் தொடங்கும் ஒரு ஷாட். கேமரா மெல்ல மேலேறுகிறது. கழுத்து மணி தெரிகிறது. முகம் வரப்போகும் இடத்தில் வெட்டு. அடுத்த ஷாட்டில் பாடுகிற ஆணின் முகம், திரை நிறைய. நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். "இந்தப் பொண்ணு நாளைக்கு எதிர்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியாதே" என்றார் வேனில் போய்வரும் உறுப்பினர். தெய்வத்தைப் பாதாதிகேசமாகவும் (அடி முதல் முடி வரை) மனிதரைக் கேசாதிபாதமாகவும் (முடி முதல் அடி வரை) பாடுவது நம் இலக்கிய மரபு என்பதை ஆசிரியை நினைவூட்டினார். அந்த மரபும் பெண்ணுடலை உறுப்பு உறுப்பாக வருணிப்பதுதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அந்த வருணனையில் முகத்துக்கும் இடம் உண்டு.

பிறகு ஒலியோடு பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. திரைப்பாடல்களில் பொதுவாக உடல் ஒரு பெண்ணுடையது, குரல் இன்னொரு பெண்ணுடையது. 'நான்' என்று அவள் பாடும் ஆசையை எழுதியவரோ பெரும்பாலும் ஓர் ஆண். மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும் அந்தப் பெண்ணை ஒன்றாக்கிக் காட்டுவது படத்தொகுப்பு. திரைப்படம் சாராத தனிப்பாடல் வீடியோக்களில் பாடுபவரே தோன்றுவதால் குரலும் உடலும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அங்கே நிறுத்துவதற்குக் கதையே இல்லை. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் இந்த வீடியோக்கள் இசைத்தட்டு விற்பதற்கான விளம்பரங்களாகவே இருந்தன. பாடுபவர் பெரும்பாலும் லென்ஸை நேராகப் பார்த்தே பாடினார். மல்வி சொன்ன மறைப்பு இல்லாத இடத்தில் ஆண்நோக்கு வெளிப்படையாகிறதா, அல்லது திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்கு அங்கே இடம் கிடைக்கிறதா என்று இரண்டு கூட்டங்கள் வாதாடினோம். திரும்பிப் பார்ப்பது மட்டும் போதாது, எந்த ஷாட்டை வைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உறுப்பினர் சிலர் இதை ஏற்கவில்லை.

இத்தகைய வீடியோக்களுக்குத் தடை கோரி மனு அளிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதற்கு எதிரான சட்டம் 1986 முதல் இருக்கிறது. திரைப்படங்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கையும் உண்டு. யூடியூபில் நேராக ஏற்றப்படும் வீடியோவுக்கு அந்தத் தணிக்கை இல்லை. தணிக்கை துணியைத்தான் அளக்கும், கேமரா நிற்கும் இடத்தை அளக்காது என்பதால் செயற்குழு அந்த யோசனையை ஏற்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதியதை இறுதியில் படித்தோம். திரையில் தமக்கு இடமில்லை என்று அறிந்த கறுப்பினப் பெண்கள், மயங்காமல் எதிர்த்துப் பார்க்கப் பழகினார்கள் என்கிறார் அவர். வெள்ளையரல்லாத பெண்ணை மல்வி வழிக் கோட்பாடு மறந்துவிட்டது என்ற அவருடைய குறை, நிறத்தையும் சாதியையும் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்த நமக்கும் பொருந்தியது. நம் வேன்களில் பயணம் செய்யும் பெண்களின் நிறத்தில் நாம் பார்த்த வீடியோக்களில் ஒரு நாயகிகூட இல்லை.

திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து பார்க்கச் சென்றதையும் பதிவு செய்ய வேண்டும். துகிலுரியும் கட்டத்துக்கு முன் துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். திரௌபதி வேடத்தில் இருந்ததும் ஓர் ஆண்தான். என் பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி கடைசிவரை கூப்பிய கையை இறக்கவில்லை. ஒரு பெண்ணின் சேலையில் கைவைக்கும் காட்சியை, பார்ப்பவர்கள் அவள் பக்கம் நிற்கும்படி நிகழ்த்த முடியும் என்பதை அங்கே கண்டேன்.

பேச்சுப்பொருளைக் கேட்டதும் ஓரிடத்தில் நமக்குத் தருவதாகச் சொன்ன அரங்கைத் தர மறுத்துவிட்டார்கள். அக்கூட்டம் உறுப்பினர் ஒருவரின் மொட்டைமாடியில் நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில் நாமே ஒரு பாட்டை எழுதிப் பாடிப் படமாக்க வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. படப்பிடிப்பு கம்பெனி வேனில், வேலை முடிந்து திரும்பும் வழியில் நடக்கும். கேமராவைப் பிடிக்க வேனில் போய்வரும் நம் உறுப்பினர் இசைந்துள்ளார். பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்