பி.டி. பீரியட்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து உன்னிடமிருந்து போன் வரவில்லை; உனக்கு வேலை இருக்கும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் சின்னவன் ஒன்பதாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. பயிற்சியில் முதலிடத்தில் இருப்பதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் இங்கிருந்த நான்கு நாளும் அவன் மாடி அறை நாற்காலியை விட்டு எழவில்லை. காலையில் பயிற்சிக் காணொளி, மாலையில் செல்போன், இரண்டுக்கும் அதே நாற்காலி. கரும்பை நறுக்கி நீட்டியபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உடலசைவை 12, 14, 16 வயதுகளில் கருவி கட்டி அளந்து, 18 வயதில் அவர்களுடைய மனச்சோர்வுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 12 வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மதிப்பெண் சுமார் 11 சதவீதம் அதிகம். உட்கார்ந்ததால் சோர்ந்தார்களா, சோர்ந்ததால் உட்கார்ந்தார்களா என்று கணக்கு வாத்தியார் புத்தி கேட்கத்தான் செய்தது. இதை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் மைதானத்தில் ஓடியாடக்கூட வேண்டாம், மெதுவான நடை போன்ற லேசான அசைவு கூடியவர்களுக்கே சோர்வு குறைந்திருந்தது என்பது மனத்தில் தங்கிவிட்டது. ஆகவே அவனைக் கடைக்கு அனுப்பு. டியூஷனுக்குக் காரில் கொண்டுபோய் விடாதே, நடக்கட்டும்.

அன்று சாப்பிடும்போது, "பையனை அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறாய்" என்று நான் சொன்னதற்கு, "தம்பியை அடைத்தது யார்?" என்று நீ திருப்பிக் கேட்கவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்துபோனாய். கேட்டிருக்கலாம். 28 வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த நான், போர்ஷன் முடியவில்லை என்று சொல்லி வாராவாரம் பி.டி. வாத்தியாரிடம் பீரியடைக் கேட்டு வாங்கினேன். அந்த வகுப்பில்தான் உன் தம்பியும் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வாலிபாலைப் பரண்மேல் போட்டதும் நான்தான். அதன்பிறகு இரண்டு வருடம் அவன் யாரோடும் பேசாமல் இருந்ததை, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவள் சொல்லியும் நான் கேட்கவில்லை.

கோடை விடுமுறையில் சின்னவனை ஒரு வாரமாவது இங்கே அனுப்பு; நான் புத்தகத்தைத் தொடமாட்டேன். கோபம் ஆறவில்லை என்றால் அம்மாவுக்காவது போன் செய். அவனைக் கடைக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா