பரணிலிருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரம்

அன்புள்ள சேகர்,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய். நான் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. இங்கிலாந்து மழை நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்ப்பதில்லை. நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். பேச்சு எப்படியோ கேசட்டில் வந்து நின்றது. உன் மாமாவின் ரெக்கார்டிங் கடையைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே நோட்டுப்புத்தகம் அளவுக்கு ஒரு கருப்பு டப்பா, ரப்பர் பொத்தான்கள், மூலையில் வானவில் பட்டை. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் வந்த கம்ப்யூட்டர். 48 கே (கிலோபைட்) நினைவகம் உள்ளது அப்போது 175 பவுண்டு. படிப்புக்கு என்று சொல்லி அப்பாவை வாங்க வைத்தாராம். அந்தத் தலைமுறையில் பாதிப்பேர் சொன்ன பொய் அது!

விலையைக் குறைக்க என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த 48-இல் 32 கே-வுக்கு, தயாரிப்பிலேயே பாதி பழுதான சிப்புகளை வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். சொத்தைக் கத்தரிக்காயை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுவோமே, அந்தக் கணக்கு.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். எல்லாம் கேசட்டில்தான் வரும். டேப் ரெக்கார்டரை வயரில் சேர்த்து, பிளேயை அமுக்கினால் கீ...ச்சென்று ஒரு சத்தம். டிவியின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடுகின்றன. அப்புறம் நீலமும் மஞ்சளுமாகப் பொடிக்கோடுகள். நாலு நிமிஷம் காத்திருந்த பிறகு 'டேப் லோடிங் எரர்'. அவர் முகம் தொங்கிப்போயிற்று. நான் சின்ன ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். நீ கற்றுக்கொடுத்த வேலைதானே? பிளே பொத்தான் பக்கத்து ஓட்டையில், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் ஸ்க்ரூவை இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் அரைக்கால் சுற்று. மந்தமாகக் கேட்ட சத்தம் பளிச்சென்று கூர்மையானதும் நிறுத்தினேன். இந்த முறை தடங்கலில்லாமல் கடைசிவரை ஓடி, ஆட்டம் ஏறிவிட்டது. "எப்படித் தெரியும்?" என்றார். இளையராஜா பாட்டுக்குச் செய்ததுதான் என்றேன், அவருக்குப் புரியவில்லை.

வந்தது 'மேனிக் மைனர்'. 1983-இல் மேத்யூ ஸ்மித் என்று, இருபதைத் தொடாத ஒரு பையன் தனியாளாக எழுதியது. இருபது குகைகள். ஆடும்போதே பின்னால் சங்கீதம் வேறு. ஸ்பெக்ட்ரத்தில் ஒலிக்கென்று தனிச் சிப் கிடையாது. ஆட்டத்தை நடத்துகிற பிராசசரே இடையிடையே ஓடிவந்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். நான் முதல் குகையைக்கூடத் தாண்டவில்லை.

அதன் தொடர்ச்சி 'ஜெட் செட் வில்லி', 1984. பையன்கள் இரட்டைக் கேசட் டெக்கில் நகல் எடுத்துத் தள்ளுகிறார்கள் என்று, கூடவே ஒரு வண்ண அட்டை கொடுத்தார்கள். அதிலுள்ள நிறக் குறியைச் சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும். இதில் ஒரு கூத்து. பரண் அறைக்குள் போனால், அங்கே பறக்கிற அம்பு திரைக்கான நினைவகத்தைத் தாண்டிப் போய் ஆட்டத்தின் தகவலையே அழித்துவிடும். அப்புறம் வேறு சில அறைகளில் கால் வைத்தாலே சாவுதான். வெளியிட்டவர்கள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறைகளில் விஷவாயு இருக்கிறது, வேண்டுமென்றே வைத்தோம் என்றார்களாம்!

எனக்கு மிகவும் பிடித்தது 'நைட் லோர்'. அதுவும் 1984-தான். ஸ்பெக்ட்ரத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம்தான் வைக்கலாம். ஆள் பச்சை மரத்தருகே போனால் அவனும் பச்சையாகிவிடுவான். நிறங்கள் சண்டை போடுகின்றனவா, அறைக்கு ஒரே நிறம் போதும் என்று முடிவெடுத்து, கோணலாகப் பார்க்கிற முப்பரிமாண அறைகளை வரைந்துவிட்டார்கள். ஒற்றை மஞ்சளில் ஆட்டத்தில் வருகிற கோட்டையை இன்று பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு உதவி. அவரிடம் இருபது கேசட்டுகளாவது இருக்கின்றன; பலவற்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்துவிட்டது. உன் மாமாவின் பிஸ்கட் டப்பாவில் இன்னும் கிடந்தால் ஒரு கவரில் போட்டு அனுப்பு. தபால் செலவை ஊருக்கு வந்து தருகிறேன், வழக்கம்போல.

உன்,
குமார்