எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வையுங்கள்: மோட் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மோட் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இம்பரேட்டர்: ரோம் என்ற கணினி வியூக ஆட்டத்துக்கு முழு மறுசீரமைப்பு மோட் (ஆட்டத்தின் கோப்புகளை ரசிகர்கள் மாற்றிச் செய்யும் பதிப்பு) ஒன்று செய்யப் போகிறோம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. விரிந்த வரைபடம், அலெக்சாண்டருக்குப் பின் வந்த அரசுகளுக்குத் தனித்தனி நிகழ்வுகள், மக்கள்தொகையை அடியிலிருந்து மறுபடி போடுவது என்று உங்கள் திட்டத்தை வரி விடாமல் படித்தேன். எல்லாம் வேண்டியதுதான். அதில் இல்லாத ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். கோப்பில் நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது ஏன் அந்த எண் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு மோட் என் கண்ணெதிரே நின்றுபோகும் வரை எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன், இதே காலத்தை வைத்து வந்த வேறொரு ஆட்டத்தின் மோடில் வேலை பார்த்தேன். என் பங்குக்கு வந்தது ஏதென்ஸும் அதன் சுற்றுவட்டாரமும். கோப்பைத் திறந்தால் அடிமைகளின் எண்ணிக்கை குடிமக்களைப் போலப் பல மடங்கு. ஒரு குறிப்பும் இல்லை. அதைப் போட்டவர் குழுவை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. சரி, இது அந்தப் பழைய கணக்கிலிருந்து வந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஃபலேரான் ஊர்க்காரரான டெமெட்ரியஸ் கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்டார். அவர் எடுத்த கணக்கெடுப்பில் 21,000 குடிமக்கள், 10,000 வெளியூர்க் குடியேறிகள், 4,00,000 அடிமைகள் இருந்ததாகப் பல நூற்றாண்டுகள் கழித்து அதெனேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதினார். கடைசி எண்ணை இன்று ஆய்வாளர்கள் அநேகமாக யாரும் நம்புவதில்லை. ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா பகுதி அவ்வளவு பேரைத் தாங்கியிருக்க முடியாது. ஆக, தவறைத் திருத்துகிறோம் என்ற நிம்மதியோடு எண்ணை வெட்டிக் குறைத்தேன்.

அடுத்த சோதனை ஓட்டத்திலேயே ஏதென்ஸ் கடனில் விழுந்தது. கப்பல்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் மாசிடோனியா ஏஜியன் கடல் முழுவதையும் விழுங்கியது. மூன்று வாரம் வரி விதிகளையும் கடற்படைச் செலவையும் புரட்டினோம். கடைசியில் ஒரு பழைய உரையாடலில் விடை கிடைத்தது. அந்த எண்ணுக்கும் அதெனேயஸுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆட்டத்தில் சுரங்கத்தின் வரவு அடிமைகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தது. லாரியான் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து ஓரளவாவது வெள்ளி வர வேண்டும் என்று அந்த எண்ணைப் போட்டவர் அதை உயர்த்தி வைத்திருக்கிறார். ஆட்டத்தின் சமநிலைக்காகப் போட்ட எண்ணை நான் வரலாற்றுப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன். இதே மாதிரி மற்ற பகுதிகளிலும் நடந்தது. ஒருவர் திருத்தினால் இன்னொருவருடையது உடையும், கோபம் வரும், ஆள் போய்விடுவார். அந்த மோடுக்கு அதன்பின் புதுப் பதிப்பு வரவேயில்லை.

நீங்கள் எடுத்திருக்கும் ஆட்டத்திலும் இதே பள்ளம் இருக்கிறது. இங்கேயும் அடிமைகள் ஓர் அளவைத் தாண்டினால்தான் ஒரு பகுதி கூடுதல் சரக்கு தரும். அதனால் ஓர் இடத்தில் இத்தனை பாப் (ஆட்டத்தில் மக்கள்தொகையின் அலகு) என்று போடும்போது வரலாறும் வணிகமும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்துவிடுகின்றன. எது எவ்வளவு என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

சான்று இருக்கும் இடத்தில் குழப்பம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். ரோமையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 70-69 கணக்கெடுப்பில் குடிமக்கள் சுமார் 9 லட்சம். கி.மு. 28-இல் அகஸ்டஸ் எடுத்த கணக்கில் 40,63,000. இது ஆட்டம் முடிவதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால். நடுவில் குடியுரிமை விரிந்தது உண்மைதான், ஆனாலும் இந்தப் பாய்ச்சலை அது மட்டும் விளக்காது. அகஸ்டஸ் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினார் என்று ஒரு கட்சி சொல்கிறது. இல்லை, முன்போலவே வயது வந்த ஆண்கள்தான் என்பது இன்னொரு கட்சி. எந்தக் கட்சியை நம்புகிறோமோ அதைப் பொறுத்து இத்தாலியின் மக்கள்தொகை இரண்டு மூன்று மடங்கு மாறும். அங்கிருந்து பின்னோக்கி நடந்து ஆட்டம் தொடங்கும் கி.மு. 304-க்கு வர வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்குச் சம்மதம். எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இத்தாலியிலேயே ரோம் இருக்கும் லாட்டியத்தை ஒருவரும் பக்கத்துக் கம்பானியாவை இன்னொருவரும் வெவ்வேறு கணக்கில் நிரப்பிவிடுவார்கள்.

வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் நிலைமை வேறு. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்ற பெயர்கள் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் இருக்கின்றன. அது ஆட்டம் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு வெட்டியது. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. பாண்டிய அரியணையில் யாரை உட்கார வைப்பது? மாங்குளம் தமிழ் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் இருக்கிறான், ஆனால் அந்தக் கல்வெட்டைப் பொதுவாகக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அந்தப் பெயரை 304-இல் போட்டால் நான் மகிழ்ச்சியோடு விளையாடுவேன். அரசனே இல்லாத நாட்டை வைத்து ஆட்டம் ஆட முடியாது. ஆனால் பக்கத்தில் இப்படி ஒரு வரி வேண்டும்:

# ஊகம். பெயர் பின்னாளைய கல்வெட்டிலிருந்து. 304-க்குச் சான்று இல்லை.

அவ்வளவுதான். # குறிக்குப் பின்னால் வருவதை ஆட்டம் படிப்பதே இல்லை, வேகம் ஒரு துளியும் குறையாது. முதல் சொல்லாகச் சான்று, ஊகம், சமநிலை இவற்றில் ஒன்று, அப்புறம் காரணம். மொழிக் கோப்பை எந்தக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும் என்று வழிகாட்டியில் கண்டிப்பாக எழுதியிருக்கிறீர்களே, அதே இடத்தில் அதே கண்டிப்போடு இதையும் சேர்த்துவிடுங்கள். காரண வரி இல்லாத கோப்பைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், யார் அனுப்பியதாக இருந்தாலும்.

வேலை மெதுவாகும், தெரியும். அதற்காக முதல் பதிப்பில் வரைபடத்தைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. கிழக்கு மத்தியதரைக் கடல் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். அலெக்சாண்டரின் பேரரசைப் பங்குபோட மோதிய ஆன்டிகோனஸ், டாலமி, செலூகஸ், கசாண்டர், லைசிமாகஸ் ஐவரும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். கி.மு. 301 இப்சஸ் போர் வரை அங்கேயே ஆட்டம் சூடாக இருக்கும்.

இந்த ஆட்டத்தின் 2.0 பதிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. அதே வருடம் உருவாக்கிய நிறுவனம் மேம்பாட்டை நிறுத்தியது. அதற்குப் பின்னும் ஆட்டம் உயிரோடு இருப்பதற்கு இன்விக்டஸ் மாதிரி ரசிகர்கள் செய்த மோட்தான் பெரிய காரணம். 0 ஏ.டி. என்ற ஆட்டம் 2001-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கான மோட் திட்டமாகத்தான் தொடங்கியது. 2009-இல் திறமூலமாகி இன்றும் வளர்கிறது. இப்படி நீளும் வேலையில் தொடங்கியவர்களே கடைசி வரை இருக்க மாட்டார்கள். பரீட்சை வரும், வேலை மாறும், குழந்தை பிறக்கும். உங்களில் சிலரும் போவீர்கள், நானும் போவேன். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் நம்மிடம் கேட்க முடியாது.

அட்டிகாவையும் அதை ஒட்டிய யூபோயா தீவையும் எனக்குக் கொடுங்கள். காரண வரிகளோடு முதல் கோப்பை அனுப்புகிறேன். லாரியானில் ஏன் அத்தனை அடிமைகள் என்று அதைப் படித்து உங்களுக்குப் புரியவில்லை என்றால், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஏதென்ஸ் கணக்கை ஒருமுறை கெடுத்த ஆட்டக்காரர்