வாவிக்கரையில் விளையாட இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கரையை அழகாக்குவது பற்றி ஊரில் அடிக்கடி பேச்சு எழுகிறது. கல் பதித்த நடைபாதை, மின்விளக்கு, வாங்கு, ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கிய பலகை என்று அது போய் முடியும். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருட்டாய்க் கிடந்த கரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் பெண்கள் நாங்கள் மாலையில் நடக்கவே தொடங்கினோம். ஆனால் இவை எல்லாம் பார்க்கவும் உட்காரவும் படம் எடுக்கவும்தான். தொட்டு, மிதித்து, சத்தம் எழுப்பி, முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து விளையாட என்ன இருக்கிறது? சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகை வைத்த பூங்காக்கள் உண்டு. பன்னிரண்டு வயது தாண்டியவர்கள் எங்கே போவது?

கல்லடிப் பழைய பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறந்ததும் பெரிய வாகனங்கள் அதற்கு மாறிவிட்டன. வாவித் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் இசை போன்ற ஒலியைத்தான் பாடும் மீன் என்கிறோம்; அதற்கு எல்லோரும் காட்டும் இடமும் இந்தப் பாலத்தடிதான். நிலவு நாளில், தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரம் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்று எங்கள் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இயேசு சபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. மீன்தான் பாடுகிறதா, ஊரிக்குள், அதாவது சிப்பி ஓட்டுக்குள், இருக்கும் உயிர் பாடுகிறதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கொழும்புக்குப் போகும் ரயிலுக்குக்கூட அந்தப் பெயரை வைத்திருக்கிறோம், ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? தோணி வேண்டும், இரவில் போக வேண்டும், கூட்டிப் போக ஆள் வேண்டும்.

பாலத்தின் கைபிடியோடு சேர்த்து, தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட மரக்கோல்கள் நாலைந்தைப் பொருத்தலாமே! ஒன்றின் மேல்முனை பெரியவர்களின் காது உயரத்தில், இன்னொன்று பிள்ளைகளின் உயரத்தில், மற்றொன்று சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டும்படி. மின்சாரம் தேவையில்லை. பாட்டு கேட்காத நாளிலும் தூணில் தண்ணீர் மோதும் சத்தமும் தூரத்து எஞ்சின் தோணியும் கேட்கும். காது வைக்கத் தங்கள் முறைக்காக நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

இது நடக்காத காரியமல்ல. குரோஷியாவில் ஸாடார் என்ற கடற்கரை நகரம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சிதைந்தது. பிறகு அவசரமாகக் கட்டியெழுப்பியபோது கரை நீளத்துக்குச் சீமெந்துச் சுவர்தான் எஞ்சியது. 2005இல் நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஏறக்குறைய 70 மீற்றர் நீளத்துக்குக் கற்படிகள் அமைத்து, அவற்றுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்தார். அலை வந்து குழாயில் காற்றைத் தள்ள, படிகள் இசைக்கின்றன. வாசிப்பது கடல். எங்கள் வாவியில் அவ்வளவு அலை இல்லை; கல்லடிக் கடற்கரையில் இருக்கிறது. சுனாமியில் எல்லாம் இழந்த அந்தக் கரையில், பிள்ளைகள் கடலைப் பயமில்லாமல் கேட்க ஓர் இடம் அமையவேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் ஊஞ்சல். சித்திரைப் புத்தாண்டுக்குப் புளியமரத்திலும் ஆலமரத்திலும் பெரிய பலகை போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று உந்த, அம்மம்மாமாரும் ஏறிப் பாடி ஆடிய ஊர் இது. இப்போது ஊஞ்சல் சின்னப் பிள்ளைகளின் சாமானாகிவிட்டது. நகரத்துப் பூங்கா ஒன்றில் ஊஞ்சலில் ஏறிய என் பதினான்கு வயது மகளைக் காவலாளி இறங்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சங்கிலி அவ்வளவுதான் தாங்கும். ஆனால் பெண் பிள்ளைகள் அந்த வயதோடு பொது இடத்தில் விளையாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் உறவுகள் பலர் வாழும் கனடாவில், மொன்றியல் நகரத் தெருவோரம் 2011இல் 21 ஊஞ்சல்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஆடும்போது ஒரு சுரம் எழும். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்து ஆடினால்தான் சில இசைத்துண்டுகள் பிறக்கும். எங்களுக்கு அந்தக் கருவிகூட வேண்டாம். பாட்டை நாங்களே பாடுவோம். வளர்ந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கக்கூடிய உறுதியான பலகை ஊஞ்சல் போதும்.

றோட்டும் வடிகானும் கிடக்கிற கிடையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போர் முடிந்து வீடுகளுக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில்தான் ஆம்ஸ்டர்டாம் மாநகர சபை 1947இல் தன் முதல் சிறிய விளையாட்டிடத்தைத் திறந்தது. வடிவமைத்தவர் அல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர். ஒரு மணற்குழி, குட்டிக்கரணம் போடச் சில இரும்புக் கம்பிகள், தாவிச் செல்லச் சில கொங்கிரீட் கட்டைகள், பெரியவர்களுக்கு வாங்குகள். வெறுமையாய்க் கிடந்த மூலைகளில் 1978 வரையில் இப்படி 700க்கு மேல் உருவாயின. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று அந்த நகரத்து மக்கள் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

நடைபாதைக்குக் கல் பதிக்கும்போதே, வேறு நிறக் கற்களால் கிளித்தட்டு விளையாட்டுக்கான கோடுகளையும் பதித்துவிட்டால் தனிச் செலவு அதிகம் வராது. இரும்பைக் குறைக்க வேண்டும், எங்கள் உப்புக் காற்றில் அது துருப்பிடித்துவிடும். நிழல் கட்டாயம். உச்சி வெயிலில் சுடுகிற பிளாஸ்டிக் சறுக்கியில் எந்தப் பிள்ளையும் ஏறாது. ஆலோசனைக்கு வெளியூர் ஆட்களையும் தேட வேண்டியதில்லை. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் பெயரால் கல்லடியிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசையும் நாடகமும் ஓவியமும் படிக்கும் அந்த மாணவர்களையும், எங்கள் தச்சர்களையும், தோணி கட்டுபவர்களையும் மாநகர சபை ஒரு மேசையில் உட்கார வைத்தால் போதும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் இந்த மூலை சும்மா கிடக்கிறது, இங்கே இன்னது இருந்தால் நல்லது என்று வாசகர்கள் எழுதி அனுப்ப வாரம் ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் வரைந்து அனுப்புவதையும் போடுங்கள். சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் மாநகர சபைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி உப்போடை, மட்டக்களப்பு