அழைத்தும் வர முடியாத மக்கள் பிரதிநிதிகளுக்காக ஒரு வேண்டுகோள்

மதுரை, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் தொகுதிகளின் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாக் நீரிணை மீனவர் சிக்கல் குறித்து மதுரையில் நாங்கள் நடத்திய கருத்தரங்குக்கு, இலங்கையின் வட மாகாணத்தில் பிரதேச சபை என்னும் உள்ளாட்சி அமைப்பின் உறுப்பினர் ஒருவரை அழைத்திருந்தோம். அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், தங்குமிட விவரம் என்று கேட்டதையெல்லாம் நேரத்தில் அனுப்பியும், அவருடைய விசாவுக்கு இந்திய அரசிடமிருந்து அனுமதியோ மறுப்போ கடைசிவரை வரவில்லை. ராமேசுவரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் விடியுமுன்பே பேருந்து ஏறி வந்திருந்த விசைப்படகுக்காரர்கள், அவருடைய பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடியே தங்கள் குறைகளைச் சொன்னார்கள். மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகை மாலை பையிலேயே வாடியது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

மாநாட்டு விசாவுக்கு உள்துறையின் நிகழ்ச்சி அனுமதியும் வெளியுறவுத் துறையின் அரசியல் ஒப்புதலும் தேவை. நாட்டின் பாதுகாப்பைக் கருதிச் செய்யும் அந்தச் சோதனையை நாங்கள் குறை கூறவில்லை. பதிலே சொல்லாமல் நாளைக் கடத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதில் நாடாளுமன்றங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1994-இல் தைவான் அதிபர் லீ டெங்-ஹுய் சென்ற விமானம் எரிபொருள் நிரப்ப ஹொனலுலுவில் இறங்கியபோது, அங்கே இரவு தங்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மறு ஆண்டே, அவரை அனுமதிக்கக் கோரும் தீர்மானத்தைக் கீழவை 396-0 என்றும் மேலவை 97-1 என்றும் நிறைவேற்ற, அரசு விசா வழங்கியது. அவர் தாம் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். 2018 மார்ச்சில் வந்த தைவான் பயணச் சட்டம், இரு தரப்பிலும் எல்லா நிலை அதிகாரிகளும் வந்துபோக இடமளிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க அதிபரைக் கட்டாயப்படுத்தும் வலு அதற்கு இல்லை. 1995 பயணத்தால், தைவானைத் தன் பகுதியாகக் கருதும் சீனாவுடன் கடும் பதற்றம் எழுந்ததும் உண்மை. ஆயினும் யாரை வரவேற்பது என்ற கேள்வி அலுவலகக் கோப்புக்குள் முடங்காமல், மக்கள் தேர்ந்தெடுத்த அவையில், பதிவாகும் வாக்கெடுப்பாக நடந்தது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அயல்நாட்டில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை இங்குள்ள பல்கலைக்கழகமோ உள்ளாட்சி அமைப்போ பதிவுபெற்ற சங்கமோ அழைத்தால், முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் பாதுகாப்பு விவரங்களைத் தவிர்த்தாவது காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு திருத்தம் கோரித் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டு வாருங்கள். 1970-க்குப் பின் எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதை அறிவோம். ஆயினும் விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் அவையில் பதில் சொல்வார். எங்களுக்கு இன்றுவரை கிடைக்காதது அந்தப் பதில்தான்.

அடுத்த கருத்தரங்குக்கும் அதே உறுப்பினரையே அழைக்கிறோம். அழைப்புக் கடிதத்தின் நகலை உங்கள் ஆறு பேருக்கும் இம்மடலுடன் அனுப்பியுள்ளோம்.

இப்படிக்கு,
கருத்தரங்க அமைப்பாளர்களுள் ஒருவர்,
மதுரை